வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓப்பன் சோர்ஸ்: எங்கே தொடங்குவது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் மானிட்டருக்கு விலை கேட்கிறார்கள், பிரிண்டருக்கும் யு.பி.எஸ்.ஸுக்கும் கேட்கிறார்கள். சாப்ட்வேருக்கு மட்டும் யாரும் விலை கேட்பதில்லை. "எல்லாம் போட்டுத் தருகிறோம்" என்று விற்பவர் சொல்வார். நாமும் மகிழ்ச்சியோடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறோம்.

அப்படிப் போட்டுத் தரப்படுவதில் லைசென்ஸ் இல்லாத நகல் புரோகிராம்களும் இருக்கலாம். அந்தப் பூட்டை உடைக்கப் பயன்படுத்தும் கிராக் பைல்கள், வைரஸ்கள் உள்ளே வரும் முக்கியமான வழிகளில் ஒன்று. அதே கம்ப்யூட்டரில்தான் நாம் பேங்க் கணக்கைத் திறக்கிறோம்; பிள்ளைகளின் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து வைக்கிறோம்.

பழைய கம்ப்யூட்டரை வாங்கியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 க்கு மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் தேவை. இன்டெல் என்றால் பொதுவாக 8 ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். அதற்கு முந்திய கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தாலும் அதற்கு விண்டோஸ் 11 முறையாகக் கிடைக்காது.

இந்த இரண்டு சிக்கல்களுக்கும் சட்டப்படியான, செலவில்லாத வழி ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர். அதை எந்த வரிசையில் பழகினால் பயமில்லாமல் பழகலாம் என்று பார்ப்போம்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன?

இரண்டு மீன்பிடி வள்ளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் என்ஜினுக்குச் சீல் வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கம்பெனி ஆள் மட்டுமே திறக்கலாம். மற்றதன் என்ஜினோடு முழு வரைபடமும் சேர்த்துத் தரப்படுகிறது. புன்னைக்காயல் மெக்கானிக்கும் அதைக் கழற்றிப் பழுது பார்க்கலாம், தேவைக்கேற்ப மாற்றலாம், அதே போல் இன்னொன்று செய்து அடுத்தவருக்கும் கொடுக்கலாம். ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் இந்த இரண்டாவது வகை. சாப்ட்வேரின் வரைபடம் என்பது புரோகிராமர்கள் எழுதிய மூல வரிகள், அதாவது சோர்ஸ் கோட்.

சும்மா கிடைக்கும் சாப்ட்வேர் எல்லாம் ஓப்பன் சோர்ஸ் அல்ல. சில புரோகிராம்களுக்குக் காசு கேட்கமாட்டார்கள். ஆனால் என்ஜினுக்குச் சீல் இருக்கும். அவர்கள் நாளை கட்டணம் கேட்டாலோ நிறுத்திவிட்டாலோ நாம் ஒன்றும் செய்ய முடியாது. தமிழில் இதைக் கட்டற்ற மென்பொருள் என்று சொல்வது இதனால்தான். விலையைவிட உரிமைதான் இங்கே பெரிது.

ரிச்சர்ட் ஸ்டால்மேன் 1983 இல் அறிவித்த குனு திட்டமும், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் வெளியிட்ட லினக்ஸும் இதற்கு அடித்தளம் போட்டன. ஆண்ட்ராய்டு மொபைல் வைத்திருக்கிறீர்களா? அதன் உள்ளே ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான்.

தமிழ்நாட்டில் நடந்தது

இது நமக்குப் புதிதல்ல. 2006-07 வாக்கிலேயே தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாற்றியது. சென்னை சி-டாக் மையம் 2007 இல் பாஸ் என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்த சமயத்தில், பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அரசுத் துறைகளுக்கு அறிவுரை போனது.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாணவர் லேப்டாப் திட்டத்திலும், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் பதியப்பட்டு லேப்டாப்கள் வந்தன. எங்கள் ஆறுமுகநேரியிலும் அப்படிப்பட்ட லேப்டாப்கள் பல வீடுகளில் உண்டு. சுவிட்சைப் போட்டதும் வரும் பட்டியலில் பாஸ் என்ற வரியை எல்லோரும் பார்த்திருப்போம். அதைத் திறந்து பழகியவர்கள் குறைவு. முன்பின் தெரியாத ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் திறந்ததும், தெரிந்த புரோகிராம் ஒன்றுகூட அங்கே இல்லையென்றால் யாருமே விண்டோஸுக்குத் திரும்பிவிடத்தான் செய்வார்கள்.

பக்கத்துக் கேரளத்தில் நிலைமை வேறு. அங்கே பள்ளிப் பாடமே கட்டற்ற மென்பொருளில் நடப்பதால் மாணவர்களுக்கு லினக்ஸ் பழகிப்போயிருக்கிறது.

ஆகவே ஆபரேட்டிங் சிஸ்டத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலில் புரோகிராம்களைப் பழகுங்கள். பிறகு லினக்ஸுக்குப் போனால் அங்கே அதே புரோகிராம்கள் உங்களுக்காகக் காத்திருக்கும்.

முதல் படி: விண்டோஸிலேயே பழகுங்கள்

கீழ்க்கண்டவை விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும் ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்கள்.

1. லிப்ரே ஆபீஸ்: கடிதம், கணக்கு, ஸ்லைடு ஷோ ஆகியவற்றுக்கு. ஓப்பன் ஆபீசிலிருந்து 2010 இல் பிரிந்து வளர்ந்தது.
2. பயர்பாக்ஸ்: பிரவுசர். முதல் பதிப்பு 2004 இல் வந்தது.
3. வி.எல்.சி.: ஏறத்தாழ எல்லா வகை வீடியோ, ஆடியோ பைல்களையும் இயக்கும். பாரிஸ் கல்லூரி மாணவர்களின் திட்டமாக 1996 இல் தொடங்கியது.
4. ஜிம்ப்: போட்டோக்களைத் திருத்த.
5. டக்ஸ் பெயின்ட்: குழந்தைகள் படம் வரைய.

இவற்றை அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்து மட்டுமே டவுன்லோட் செய்திடவும். தேடலில் முதலில் வரும் விளம்பர லிங்க்குகளைக் கிளிக் செய்திட வேண்டாம். லிப்ரே ஆபீசுக்கு லிப்ரேஆபீஸ் டாட் ஆர்க், வி.எல்.சி.க்கு வீடியோலேன் டாட் ஆர்க் என்று முகவரியை நீங்களே டைப் செய்வது பாதுகாப்பானது.

லிப்ரே ஆபீசை இன்ஸ்டால் செய்கையில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து, யூசர் இன்டர்பேஸ் மொழிகளில் தமிழையும் சேர்த்துக்கொண்டால், மெனுக்களைத் தமிழிலேயே பார்க்கலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

எங்கள் பக்கம் உப்பளக் கூலிக் கணக்கு இன்னும் நோட்டுப் புத்தகத்தில்தான் பல இடங்களில் இருக்கிறது. அதை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் போடலாம். முதல் வரிசையில் பெயர், நாள், நாள் கூலி, முன்பணம், தர வேண்டியது என ஐந்து தலைப்புகளை டைப் செய்திடவும். இரண்டாவது வரிசையில் ஒருவருக்கு 6 நாள், 600 ரூபாய், 1,000 ரூபாய் முன்பணம் என்று எடுத்துக்காட்டாக இடவும்.

இப்போது கடைசிக் கட்டத்தில் சமக்குறி (=) இடவும். நாள் கட்டத்தைக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி (*) இட்டு, நாள் கூலிக் கட்டத்தைக் கிளிக் செய்திடவும். பிறகு கழித்தல் குறி இட்டு, முன்பணக் கட்டத்தைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். 2,600 என்று விடை வரும். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால், மற்றவர்களின் வரிசைகளுக்கும் அதே கணக்கு பரவிவிடும். முன்பணத்தில் ஒரு எண்ணை மாற்றினால் தர வேண்டியதும் தானே மாறும். மளிகைக் கடைக்கும் சீட்டுக் கணக்குக்கும் இதே முறைதான்.

சேவ் செய்கையில் இதை மட்டும் கவனியுங்கள். உங்களுக்கான பைலை லிப்ரே ஆபீசின் சொந்த வடிவமான ஓ.டி.எப்.பில் வையுங்கள். இந்த வடிவத்தின் விவரம் எல்லோருக்கும் திறந்தது. 2006 இல் ஐ.எஸ்.ஓ. தரமானது. எந்தக் கம்பெனி மூடிவிட்டாலும் அந்தப் பைலைத் திறக்க வேறு புரோகிராம் எழுத முடியும். ஆடிட்டர் எக்ஸெல் பைல் கேட்டால், பைல் மெனுவில் சேவ் அஸ் கொடுத்து எக்ஸெல் வடிவில் அனுப்பலாம். பிரிண்ட் எடுப்பதற்குப் பி.டி.எப். நல்லது.

தமிழில் டைப் செய்ய

புதிய பைல்களில் யூனிகோட் தமிழையே பயன்படுத்துங்கள். தமிழக அரசும் 2010 இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த பைல்கள் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அவற்றைக் கன்வர்ட்டர் மூலம் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. லினக்ஸுக்குப் போகிறவர்கள் இந்த வேலையை முன்பே முடித்துவிட வேண்டும்.

கீ போர்டில் தமிழ் 99 முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் இருப்பதால் எளிதில் கை பழகிவிடும். லினக்ஸிலும் இந்த முறை உண்டு.

இரண்டாவது படி: பென் டிரைவில் லினக்ஸ்

இரண்டு மூன்று மாதம் இந்தப் புரோகிராம்களைப் பழகியபின் லினக்ஸைப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே பார்க்கலாம் என்பதுதான் இதன் வசதி. புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் ஏற்றது. இதற்கு 2 ஜி.பி. ராம் போதும்; 4 ஜி.பி. இருந்தால் நல்லது. பழைய கம்ப்யூட்டர் என்றால் அதன் எக்ஸ்.எப்.சி.இ. பதிப்பைத் தேர்ந்தெடுக்கவும்.

1. லினக்ஸ்மின்ட் டாட் காம் தளத்தில் ஐ.எஸ்.ஓ. பைலை டவுன்லோட் செய்திடவும். இது ஏறத்தாழ 3 ஜி.பி. இருக்கும். மொபைல் டேட்டா மட்டும் உள்ளவர்கள் பிராட்பேண்ட் உள்ள நண்பர் வீட்டில் எடுத்துக்கொள்ளலாம்.
2. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றைச் செருகி, ரூபஸ் என்ற புரோகிராம் மூலம் அந்தப் பைலை அதில் எழுதவும். பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.
3. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, கம்பெனிப் பெயர் தெரிந்தவுடன் பூட் மெனு கீயை அழுத்தவும். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எப்12. எச்.பி. என்றால் எஸ்கேப் அல்லது எப்9.
4. கிடைக்கும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கவும். சிறிது நேரத்தில் லினக்ஸ் டெஸ்க்டாப் கிடைக்கும்.

இப்போது சோதித்துப் பாருங்கள். வை-பை இணைகிறதா? சத்தம் வருகிறதா? பிரிண்டர் அச்சடிக்கிறதா? உங்கள் கூலிக் கணக்கு பைல் திறக்கிறதா? எல்லாம் சரி என்றால்தான் அடுத்த படி. பென் டிரைவிலிருந்து இயங்கும்போது நீங்கள் செய்யும் மாற்றங்கள் கம்ப்யூட்டரை நிறுத்தியதும் போய்விடும். ஆகவே எதையும் கெடுத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம்.

மூன்றாவது படி: இன்ஸ்டால் செய்தல்

முதலில் போட்டோக்கள், சான்றிதழ்கள், கணக்குகள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுக்கவும். காப்பி எடுத்ததைத் திறந்தும் பார்க்கவும். பிட்லாக்கர் இயங்கும் லேப்டாப் என்றால் அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைக்கவும். பின் டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் ஐகானை இருமுறை கிளிக் செய்திடவும்.

விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸைப் போடும் பிரிவைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் இருக்கும். டிஸ்க்கை அழிக்கும் இரேஸ் டிஸ்க் பிரிவைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் போய்விடும். ஆதரவு முடிந்த விண்டோஸ் மட்டும் உள்ள பழைய கம்ப்யூட்டருக்கு, காப்பி எடுத்தபின் இரண்டாவது வழியும் சரிதான். இங்கே அவசரப்படாமல் ஒவ்வொரு திரையையும் படித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லவும்.

யாருக்கு ஒத்துவராது?

டாலியில் கணக்கு எழுதுபவர்கள், போட்டோஷாப்பில் தொழில் செய்பவர்கள், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் பயன்படுத்துபவர்கள் உடனே முழுவதும் லினக்ஸுக்கு மாற வேண்டாம். அவர்களுக்கு விண்டோஸ் தேவைப்படும். சில பிரிண்டர்களுக்கும் டிரைவர் கிடைப்பது சிரமம். இவர்கள் முதல் படியோடு நின்றாலும் பலன் உண்டு. நகல் ஆபீஸ் புரோகிராமும் அதோடு வரும் வைரஸ் பயமும் போய்விடும்.

தமிழில் கற்க

மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லிப்ரே ஆபீஸ், லினக்ஸ் முதலியவற்றுக்குத் தமிழ்க் குரலில் சிறு வீடியோ பாடங்கள் உள்ளன. திரையின் ஒரு பாதியில் பாடத்தை ஓடவிட்டு, மறுபாதியில் கூடவே செய்து பார்ப்பதுதான் அவர்கள் சொல்லும் முறை. 2012 இல் தொடங்கிய கணியம் இதழ் வழியாகவும் எளிய தமிழில் மின்னூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் மறந்துவிடும். ஒரு பாடத்தைச் செய்து முடித்தபின் அடுத்ததற்குப் போங்கள்.

இந்த வாரம் லிப்ரே ஆபீசை மட்டும் இன்ஸ்டால் செய்து, உங்கள் வீட்டு மாதச் செலவை அதில் போட்டுப் பாருங்கள். பரணில் பழைய அரசு லேப்டாப் கிடந்தால் அதையும் எடுத்துத் துடைத்து வையுங்கள். பென் டிரைவ் லினக்ஸைச் சோதித்துப் பார்க்க அதுவே போதும்.