எழுதிப் பார்க்காமலே வகுப்பது எப்படி?

2-இன் அடுக்கு மதிப்பிலிருந்து 1 கழித்தால் மெர்சென் எண். அடுக்கு 11 என்றால் 2047. பார்வைக்குப் பகா எண் போலிருக்கும். உடைத்தால் 23 × 89. இன்று சோதிக்கப்படுபவற்றுக்கோ கோடிக்கணக்கில் இலக்கங்கள். எப்படி வகுப்பது?

முழு எண்ணை எழுதவே வேண்டாம். அடுக்கு 2-ஐவிடப் பெரிய பகா எண்ணாக இருந்தால், ஒவ்வொரு காரணியும் அடுக்கின் இருமடங்கால் வகுத்தால் 1 மீதி தரும். 23, 89 இரண்டும் 22-ஆல் வகுத்தால் மீதி 1. தவிர, பகாக் காரணியை 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 தான் மிஞ்சும். இந்தச் சல்லடையில் பெரும்பாலான எண்கள் கழிந்துவிடும். தப்பியதைச் சோதிக்க, 2-இலிருந்து வர்க்கப்படுத்திக்கொண்டே, தேவையான இடத்தில் இரட்டித்து, ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். அடுக்கு பத்துக் கோடியானாலும் முப்பது படிக்குள் முடிந்துவிடும். கடைசி மீதி 1 என்றால் காரணி சிக்கியது!

2 அடுக்கு 67 கழித்தல் 1 பகு எண் என்று 1876-லேயே கணிதவியலர் லூக்கா காட்டிவிட்டார். ஆனால் 193707721 என்ற காரணியைச் சொல்ல 1903-இல் ஃபிராங்க் கோல் வர வேண்டியிருந்தது. கையால் போட்ட கணக்கு, நினைத்தாலே மலைப்பு.

இப்போது அந்த வேலை தன்னார்வலர்களின் கணினிகளுக்கு. ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய ‘கிம்ப்ஸ்’ திட்டம் ஆளுக்கொரு எண்ணாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு கணினி இன்னொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சின்னக் காரணி கிடைத்தால் நீண்ட பகாச் சோதனை தேவையில்லை. கிடைக்காவிட்டால் பகா எண் என்று ஆகிவிடாது; அந்த எண் சோதனை வரிசைக்குப் போகும்.