பேன் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள்

புத்தளத்தில் மின்பொருட் கடை நடத்தி வரும் எனக்கு, சீலிங் பேன் வாங்க வருபவர்கள் கேட்கும் முதற் கேள்வி மனப்பாடம். "நானா, ஆகக் குறைந்த விலையில் என்ன இருக்கு?" என்பார்கள். "கரண்ட் எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. பேனின் விலையை ஒரு தடவைதான் கொடுக்கிறோம். மின் கட்டணத்தையோ மாதாமாதம் கொடுக்கிறோம்.

2022 ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் உயர்ந்தது. பின்னர் குறைக்கப்பட்டபோதும் அந்த பில்கள் தந்த பாடம் மறக்கக் கூடியதல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நாம் காலங்காலமாகப் பாவிக்கும் சாதாரண 48 அங்குல பேன், முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வொட் எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. மோட்டார் பேன் சுமார் 30 வொட்டில் ஏறத்தாழ அதே காற்றைத் தரும். தினமும் 12 மணித்தியாலம் ஓடினால் முதலாவதுக்கு மாதம் 27 யுனிட், இரண்டாவதுக்கு 11 யுனிட். மூன்று பேன் உள்ள வீட்டில் 48 யுனிட் மிச்சம். பாவனை கூடக்கூட யுனிட்டின் விலையும் ஏறுவதால், மிச்சமாவது விலை கூடிய யுனிட்களே.

ஆனால் எல்லா அறைக்கும் இது அவசியமில்லை. தினம் இரண்டு மணித்தியாலம் மட்டும் ஓடும் விருந்தினர் அறையில் மாதம் 3 யுனிட் கூட மிஞ்சாது. அங்கே சாதாரண பேன் போதும். கூடிய விலையைப் படுக்கையறைக்கும் கடைக்கும் கொடுங்கள்.

பள்ளிவாசலுக்கு பேன் அன்பளிப்புச் செய்வோரும் இதை யோசிக்க வேண்டும். 20 பேன்கள் தினம் 5 மணித்தியாலம் ஓடினால், இரண்டு வகைக்கும் இடையிலான வித்தியாசம் மாதம் 135 யுனிட். அன்பளிப்புக் கொடுத்தவர் போய்விடுவார். பில்லைக் கட்டுவது நிர்வாகம்.

அளவும் உயரமும்

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 48 அங்குலம் பொருத்தம். சிறிய அறைக்கு 36 அங்குலம் போதும். நீண்ட மண்டபத்துக்கு ஒரு பெரிய பேனை விட இரண்டு பேன்களே நல்லது. இறக்கைகள் தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே வரக் கூடாது. கூரையோடு ஒட்டியிருந்தாலும் காற்று வராது. ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். கூரை உயரமென்றால் நீளமான ரொட் கேளுங்கள்.

வேகத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். நிமிடத்துக்கு எத்தனை கன மீற்றர் காற்றுத் தள்ளும் என்பதையும், எத்தனை வொட் என்பதையும் பெட்டியில் பாருங்கள். பேன் அறையைக் குளிராக்குவதில்லை, நம் உடம்பின் வியர்வையை உலர்த்துகிறது. ஆளில்லாத அறையில் ஓடுவது வீண் செலவு.

ரெகுலேட்டரும் கெப்பாசிட்டரும்

பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர், வேகத்தைக் குறைக்கும்போது மின்சாரத்தின் ஒரு பகுதியைச் சூடாக்கி வீணாக்கும். எலக்ட்ரொனிக் ரெகுலேட்டரில் அந்த நட்டம் மிகக் குறைவு. ஆனால் பி.எல்.டி.சி. பேனுக்கு இவை எதுவும் வேண்டாம். அது ரிமோட்டில் இயங்கும். சுவரிலுள்ள ரெகுலேட்டரைக் கழற்றி நேரடியாக இணைக்கும்படி வயரிங் பாஸிடம் சொல்லுங்கள். ரிமோட்டும் சேர்கிட் போர்டும் தனியாகக் கிடைக்குமா என்றும் வாங்குமுன் கேளுங்கள்.

பழைய பேன் மெதுவாகச் சுற்றினால் உடனே புதியது வாங்க ஓட வேண்டாம். பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் பலவீனமாகியிருக்கும். அதை மாற்றுவது சிறு செலவு.

வியாபாரிகளுக்கு

"கெப்பாசிட்டர் போட்டால் போதும்" என்று சொன்னால் அன்று ஒரு பேன் விற்பனை தவறும். ஆனால் வீடு கட்டும்போது அதே வாடிக்கையாளர் ஆறு பேனுக்கு உங்களிடமே வருவார். விலைச் சீட்டில் விலைக்குக் கீழே, தினம் 12 மணித்தியாலம் ஓடினால் மாதம் எத்தனை யுனிட் என்பதையும் எழுதி வையுங்கள். பேரம் பேசும் நேரம் குறையும்; பேனை விற்ற கடையின் மீது நம்பிக்கையும் கூடும்.