வேலியோரத்து மலர்கள் – 9: ஆவாரை

பாசனத்தையே அறியாத செம்மண் மேடுகளிலும், சரளைக்கல் பரந்த தரிசுகளிலும், மழை பொய்த்த வருஷங்களிலுங்கூட மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையைக் காணாத தமிழர் அரியர். ஆயினும் அதன் மலரொன்றைக் கையிலெடுத்து நிதானமாக நோக்கியவர் மிகச் சிலரே.

ஐந்து இதழ்களுக்கு நடுவே பத்துக் கேசரங்கள் இருக்கின்றன. அவற்றுள் கீழ்ப்புறத்து மூன்றும் நீண்டு வளைந்து மகரந்தம் நிறைந்திருக்க, மேற்புறத்து மூன்றும் வளர்ச்சி குன்றி மலடாகிவிட்டன. இம்மலரில் தேன் இல்லை. மகரந்தப் பையும் பிளந்து பொடியை உதிர்ப்பதில்லை, நுனியிலுள்ள நுண்ணிய துவாரத்தின் வழியே மட்டும் விடுகிறது. ஆகவே பெரிய கருவண்டு பூவைக் கால்களால் இறுகப் பற்றி, சிறகை விரியாமல், மார்புத் தசைகளை மட்டும் அதிரச் செய்து ரீங்காரமிடும்போதுதான் மகரந்தம் பீறிட்டு அதன் உடலில் படிகிறது. பறக்கையில் எழும் ஒலியினும் சற்று உச்ச ஸ்தாயியில் உள்ள அந்த நாதத்தைக் காலைவேளையில் புதரருகே நின்று எவரும் கேட்கலாம். கேட்கவேண்டும் என்பது என் பிரார்த்தனை.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய மலர்களுள் இதுவும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் மடலேறுங்கால் அணிந்தவற்றுள்ளும் இது உண்டு. கொங்கு நாட்டில் தை பிறக்குமுன் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டுகிறார்கள். இவை பலரும் அறிந்தவை. அதன் பட்டையின் சரித்திரமோ அநேகமாக மறந்துபோயிற்று.

ஆவாரம்பட்டையில் தோலைப் பதப்படுத்தும் துவர்ப்புச் சத்து நூற்றுக்குச் சுமார் 18 பங்கு உண்டு. சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் நீங்கிய தோலை இப்பட்டைச் சாற்றில் இட்டு, வெயில் பட்டுச் சிவந்துவிடாதிருக்கும்பொருட்டு முடிவில் கடுக்காய்ச் சாற்றிலும் தோய்த்து, வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் முதலிய ஊர்களின் தொழிலாளிகள் உருவாக்கிய தோல், லண்டன் சந்தையில் மிகுந்த மதிப்புப் பெற்றிருந்தது. முதல் உலக மகாயுத்தத்தில் ஆங்கிலச் சிப்பாய்கள் அணிந்த பூட்ஸுகளுக்கும் அது பயன்பட்டது. எந்தக் குடியானவனும் விதைக்காத, எவரும் நீர் ஊற்றாத ஒரு புதர் இவ்வளவு பெரிய வியாபாரத்தைத் தாங்கி நின்றதென்பது சாமானிய விஷயமன்று.

பின்னர்த் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த வாட்டில் பட்டை அதன் ஸ்தானத்தைப் பற்றிக்கொண்டது. அப்பட்டையை நம் தேசத்திலேயே விளைவிக்கலாமென்று கருதி, மலைவாசிகள் சீகை என்று அழைக்கும் அந்த ஆஸ்திரேலிய மரத்தை நீலகிரியிலும் பழனி மலைகளிலும் பரந்த புல்வெளிகளின்மீது நட்டார்கள். நட்ட இடத்தோடு அது நிற்கவில்லை; வெட்டினாலும் தீயிட்டாலும் மண்ணில் கிடக்கும் விதைகள் மீண்டும் முளைத்துப் புல்லை மூடின. சமவெளித் தரிசில் தானே விளைந்த பட்டையைக் கைவிட்டு நாம் தேடிக்கொண்ட இந்தச் செல்வத்துக்கு விலையாகக் கொடுத்தவற்றுள், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் சரிவுகள் பலவும் அடங்கும். அக்குறிஞ்சியை அடுத்த வாரம் காண்போம்.