உங்களுக்குத் தெரியுமா? சதுரத்தில் பிறக்கும் உருளை

பாய்மரப் படகில் பாயைத் தாங்கும் குறுக்குக் கழியின் பெயர் பருமல். மலேசியாவில் பாய்மரத்துக்கும் பருமலுக்கும் உகந்ததாகக் கருதப்பட்ட பிந்தாங்கோர், நம் புன்னையின் இனமே. தென்னிந்தியாவிலும் புன்னை இன மரங்கள் கப்பல்களின் பாய்மரங்களாயின. மரத்திலிருந்து உருண்ட பருமல் உருவாகும் படிகள் இவை:

● தேர்வு: கணுவற்ற, இழை நேராக ஓடும் மரம்.

● சதுரம்: நான்கு பக்கமும் சமமாக இழைக்கப்பட்டு, முனைகளை நோக்கிச் சற்றே ஒடுக்கப்படும்.

● எண்கோணம்: ஒவ்வொரு பக்கமும் 7:10:7 என்ற விகிதத்தில் கோடிடப்படும். பக்கம் 48 மி.மீ. என்றால் 14, 20, 14. மூலைகளைக் கோடுவரை சீவினால், ஏறக்குறைய சமமான எட்டுப் பக்கங்கள் அமையும். முனை ஒடுங்கினாலும் விகிதம் மாறாது.

● உருளை: எட்டு பதினாறாகும். எஞ்சிய விளிம்புகள் இழைப்புளிக்கும் உப்புத்தாளுக்கும் மழுங்கி, கழி உருண்டுவிடும்.

● காப்பு: வார்னிஷ் பூச்சு ஈரத்தையும் வெயிலையும் தடுக்கும்.