முன்னாள் காதலர்கள் நண்பர்களாக முடியுமா? ஆய்வும் சட்டமும் கூறுவது என்ன?

காதல் முறிந்து பல ஆண்டுகள் கடந்த பின்னர், அன்றைய காதலர்கள் நண்பர்களாக மீண்டும் பேசத் தொடங்குவது இன்று அரிதான ஒன்றல்ல. முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களும் சமூக ஊடகங்களும் பழைய முகங்களைத் தேடும் வேலையைச் சில நொடிகளாகச் சுருக்கிவிட்டன. ஆனால், அந்த நட்பு நிலைக்குமா அல்லது இருவரின் இன்றைய வாழ்வைக் குலைக்குமா என்பது, அது எந்த நோக்கத்தில் தொடங்குகிறது என்பதையே பெரிதும் பொறுத்துள்ளது.

நட்புக்கு 4 காரணங்கள்

அமெரிக்காவின் கேன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெபேக்கா கிரிஃபித், ஓம்ரி கில்லாத் உள்ளிட்டோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, முன்னாள் காதலர்கள் நட்பைத் தொடர்வதற்கு 4 காரணங்களை வகைப்படுத்தியது. நம்பிக்கைக்குரிய ஒருவரின் ஆதரவை இழக்க விரும்பாமை, பணி, குழந்தை, பொருளாதாரம் போன்ற நடைமுறைத் தேவை, பண்பாக நடந்துகொள்ளும் எண்ணம், அடங்காத காதல் உணர்வு ஆகியவையே அவை.

ஆதரவுக்காகவும் நடைமுறைத் தேவைக்காகவும் தொடரும் நட்பு பெரும்பாலும் நல்ல விளைவுகளைத் தந்தது. அடங்காத காதலை மனத்தில் வைத்துத் தொடர்ந்த நட்போ மனவருத்தத்தையே மிகுதியாக அளித்தது.

திரையுலக எடுத்துக்காட்டுகள்

காதலர்களாக அறியப்பட்டுப் பிரிந்த தீபிகா படுகோன், ரண்பீர் கபூர் இருவரும் பின்னர் 'யே ஜவானி ஹை தீவானி' (2013), 'தமாஷா' (2015) ஆகிய திரைப்படங்களில் இணைந்து நடித்தனர். 2021-இல் மணவாழ்விலிருந்து பிரிவதாக அறிவித்த ஆமிர் கான், கிரண் ராவ் இருவரும் மகனை இணைந்தே வளர்ப்பதாகக் கூறினர். கிரண் ராவ் இயக்கி 2024-இல் வெளியான 'லாபத்தா லேடீஸ்' திரைப்படத்தின் தயாரிப்பாளர்களில் ஆமிர் கானும் ஒருவர். இவ்விரு இணைகளும் ஊரறிய, தொழில் சார்ந்தே மீண்டும் கைகோத்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

மணமானோர் கவனத்துக்கு

பிரிந்த காதலர்களின் மறுசந்திப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் கலிஃபோர்னியா உளவியலாளர் நான்சி கேலிஷ். நலம் விசாரிப்பதற்காக மட்டுமே தொடங்கும் பேச்சும், மணமானோரிடையே எதிர்பாராத நெருக்கமாக மாறக்கூடும் என அவர் எச்சரித்து வந்தார். இளமையில் மலர்ந்து, பெற்றோரின் எதிர்ப்பு போன்ற புறக்காரணங்களால் முறிந்த காதலில் இந்த வாய்ப்பு அதிகம். சாதி, மதம் காரணமாகக் காதலர்கள் பிரிக்கப்படும் இந்தியச் சூழலில் இந்த எச்சரிக்கை கூடுதல் பொருள் பெறுகிறது.

எனவே, வாழ்க்கைத் துணையிடம் மறைக்க வேண்டிய தேவை எழுகிறதா என்பதே இத்தகைய நட்பை அளந்தறிய எளிய அளவுகோல். குறுஞ்செய்திகளை அழிக்கத் தொடங்கினால், அது நட்பின் எல்லையைக் கடக்கிறது எனக் கொள்ளலாம்.

சட்டம் கூறுவது என்ன?

இருவரும் விரும்பிப் பேணும் நட்பு குற்றமல்ல. ஆனால், விருப்பமில்லை எனப் பெண் தெளிவாகத் தெரிவித்த பிறகும் ஓர் ஆண் மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ள முயல்வது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவின்படி குற்றமாகும். பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் இதில் அடங்கும். முதல் முறை 3 ஆண்டுகள் வரையிலும், மீண்டும் குற்றம் புரிந்தால் 5 ஆண்டுகள் வரையிலும் சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கப்படலாம்.

பெண்ணின் அந்தரங்கப் படம் அவரது இசைவுடன் எடுக்கப்பட்டதாயினும், அதைப் பரப்புவதற்கு அவர் இசையாத நிலையில் பரப்புவது 77-ஆவது பிரிவின்கீழ் குற்றமாகும். பழைய காதல் இதற்கு விலக்கு அளிப்பதில்லை.

தொல்லைக்கு உள்ளாகும் பெண்கள் 181 என்ற எண்ணிலும், இணையக் குற்றங்கள் குறித்து www.cybercrime.gov.in தளத்திலும் உதவி பெறலாம். பிரிவின் துயரிலிருந்து மீள இயலாதோர், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனை சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் அணுகலாம்.