ஏழாவது இடத்துக்காக எல்லாத்தையும் விட்டவர்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. அசைன்மெண்ட், பார்ட் டைம் வேலை, தூக்கம்னு மூணுக்கும் நடுவுல இந்தப் பக்கம் ஒட்டடை படிஞ்சு கிடந்தது. இன்னிக்கு ஒட்டடை அடிக்க ஒரு ஆள் கிடைச்சிருக்கார். பேரு டேவ் நில்சன். கிரிக்கெட்காரர் இல்லை, பேஸ்பால்காரர். உடனே ஓடிடாதீங்க. ஸ்கோர் கார்டு படிக்கத் தெரிஞ்ச யாருக்கும் புரியும், நான் கேரண்டி.

எனக்கும் பேஸ்பால்னா, ரஹ்மான் இசையமைச்ச 'மில்லியன் டாலர் ஆர்ம்' படம் (2014) தாண்டி ஒண்ணும் தெரியாது. ஈட்டி எறிஞ்சுக்கிட்டு இருந்த உத்தரப்பிரதேசத்துப் பையன் ரிங்கு சிங் அமெரிக்காவுல பந்து எறியப் போன உண்மைக் கதை. அதுக்கு மேல தெரிஞ்சுக்கணும்னு தோணினதே ஒரு பெரியவராலதான்.

நான் குடியிருக்கிறது சிட்னி ஹோம்புஷ்ல. முருங்கைக்காயும் இடியாப்பமும் நடந்துபோற தூரத்துல கிடைக்கிற ஊர். இங்கேர்ந்து ரயில் ஏறி, லிட்கம்ல மாறினா ஒலிம்பிக் பார்க். 2000 ஒலிம்பிக்ஸ் நடந்த இடம். அப்போ அந்தப் பகுதிக்கு ஹோம்புஷ் பேன்னுதான் பேரு. பெரிய ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல ஷோகிரவுண்ட்னு ஒரு மைதானம் இருக்கு. ஈஸ்டர் சமயத்துல மாடும் குதிரையும் அணிவகுக்கிற விவசாயக் கண்காட்சி நடக்கும். சீசன்ல ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். வாரக் கடைசியில அந்தப் பக்கம் நடக்கப் போவேன். ஒரு நாளும் அங்க பேஸ்பால் நடந்திருக்கும்னு நினைச்சதில்லை.

நான் வேலை பார்க்கிற மளிகைக் கடைக்கு வர்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருத்தர்தான் சொன்னார். "தம்பி, உமக்குத் தெரியுமோ? அந்த கிரவுண்டிலதான் ஒலிம்பிக் பேஸ்போல் நடந்தது. நான் அப்ப வொலண்டியரா நிண்டனான்."

"ஆஸ்திரேலியா ஜெயிச்சுதா அங்கிள்?"

"எங்க ஜெயிச்சது? தோத்துக்கொண்டேதான் இருந்தவை. ஆனா ஒருத்தன் இருந்தான், நில்சன் எண்டு. அவன் மட்டையோட வந்தா சனம் முழுக்க எழும்பும்." அரிசி மூட்டையைத் தூக்கிக்கிட்டு அவர் பாட்டுக்குப் போயிட்டார். நான் அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நில்சனைத் தேடிப் படிச்சேன். (மறுநாள் காலைல டுடோரியல்ல தூங்கினது தனிக்கதை.)

சரி, மேட்டருக்கு வருவோம்.

பிரிஸ்பேன்ல 1969-ல பிறந்தவர். 1987-ல, பதினேழு வயசுல, அமெரிக்காவோட மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணி இவரை ஒப்பந்தம் பண்ணுது. அடுத்த அஞ்சு வருஷம் சின்னச் சின்ன ஊர் அணிகள்ல பஸ் பயணம். 1992-ல மேஜர் லீக்ல அறிமுகம். இவரோட முக்கிய வேலை கேட்சர். நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி. ஆனா கீப்பரைவிடக் கஷ்டம். ஒவ்வொரு பந்துக்கும் குத்தவச்சு உட்காரணும், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்துல வர்றதைப் பிடிக்கணும், என்ன பந்து போடணும்னு சைகையும் காட்டணும்.

1993 ஏப்ரல்ல கிரேம் லாயிட்னு இன்னொரு ஆஸ்திரேலியர் பந்து எறிய, இவர் பிடிச்சார். எறியறவர், பிடிக்கிறவர் ரெண்டு பேருமே ஆஸ்திரேலியரா இருந்தது மேஜர் லீக் வரலாற்றுல அதுதான் முதல் தடவை. நடுவுல ஒரு சோதனை. ஊருக்கு வந்தப்போ கொசு கடிச்சு ராஸ் ரிவர் காய்ச்சல். நம்மூர் சிக்குன்குனியாவோட சொந்தக்காரன், மூட்டு மூட்டா வலிக்கும். அதனால 1995 சீசனோட ஆரம்பமே போச்சு.

அடுத்த வருஷமே திருப்பிக் கொடுத்தார் பாருங்க! 1996 மே 17, மினசோட்டாவுக்கு எதிரா ஒரே இன்னிங்ஸ்ல ரெண்டு ஹோம் ரன். (ஹோம் ரன்னா நம்ம சிக்ஸர். பேஸ்பால்ல ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒரே இன்னிங்ஸ்ல ஒருத்தருக்கு ரெண்டாவது வாய்ப்பு வர்றதே அபூர்வம்.) அந்த வருஷ சராசரி .331. இந்த எண்ணைப் பார்த்து பயப்படாதீங்க. ஆயிரம் தடவை மட்டை பிடிச்சா 331 தடவை ஹிட் அடிக்கிறார்னு அர்த்தம். பேஸ்பால்ல .300 தொட்டாலே பெரிய ஆள். பத்துல ஏழு தடவை தோத்தாலும் ஹீரோன்னு ஒத்துக்கிற விளையாட்டு இது. நம்ம யூனிவர்சிட்டிக்கும் இப்படி ஒரு விதி இருந்தா நல்லாருக்கும் :)

1999-ல .309 சராசரி, 21 ஹோம் ரன். ஜூலைல பாஸ்டன்ல நடந்த ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். சீசன் நடுவுல ரெண்டு லீக்லயும் இருக்கிற ஆகச் சிறந்தவங்களைப் பொறுக்கி ஆட வைக்கிற ஆட்டம் அது. அந்த கௌரவம் கிடைச்ச முதல் ஆஸ்திரேலியர் நில்சன். அதே வருஷக் கடைசியில சிட்னியில இன்டர்காண்டினென்டல் கோப்பை. இறுதி ஆட்டத்துல கியூபாவை 4-3-னு ஜெயிச்சது ஆஸ்திரேலியா. கியூபாவைன்னா, அந்தக் காலத்து மேற்கிந்தியத் தீவுகளை கென்யா ஜெயிச்ச மாதிரி வச்சுக்குங்க. தொடரின் சிறந்த வீரர் விருதும் நில்சனுக்குத்தான்.

ஆக 1999 முடிவுல நிலவரம்: வயசு முப்பது. வாழ்க்கையிலேயே சிறந்த ஃபார்ம். மில்வாக்கி ஒப்பந்தம் முடிஞ்சு ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணிக்கு வேணா போகலாம், பல மில்லியன் டாலருக்கு, பல வருஷத்துக்குக் கையெழுத்துப் போடலாம். ஒரு ஆட்டக்காரர் காசு பார்க்கிற வருஷமே அதுதான்.

அங்கதான் சிக்கல். 2000 ஒலிம்பிக்ஸ் பேஸ்பால்ல முதல் தடவையா தொழில்முறை ஆட்டக்காரர்களை அனுமதிச்சாங்க. ஆனா செப்டம்பர்ல அமெரிக்க லீக் உச்சத்துல இருக்கும். மேஜர் லீக் அணிகள் தங்களோட முக்கிய ஆட்டக்காரர்களை விட மாட்டாங்க. அமெரிக்காவே சின்ன லீக் பசங்களைத்தான் அனுப்பிச்சது. நில்சன் அங்க கையெழுத்துப் போட்டா, தன்னோட நாட்டுல நடக்கிற ஒலிம்பிக்ஸை டிவியிலதான் பார்க்கணும்.

அவர் கையெழுத்துப் போடலை. ஒலிம்பிக்ஸுக்கு விடுறோம்னு சொன்ன ஜப்பான் அணி சூனிச்சி டிராகன்ஸுக்குப் போனார். அங்க முதுகுல 'டிங்கோ'ன்னு பேரு, ஆஸ்திரேலியக் காட்டுநாய் பேரு. அந்த சீசன் படுசொதப்பல். 18 ஆட்டம், சராசரி .180, ஒரே ஒரு ஹோம் ரன். போன வருஷம் ஆல் ஸ்டார், இந்த வருஷம் இப்படி. ஊர்ல என்ன பேசியிருப்பாங்கன்னு நமக்குச் சொல்லித் தெரியணுமா? "நல்ல வேலையை விட்டுட்டு வந்தான் பாரு"ன்னு பேச எல்லா ஊர்லயும் ஆள் உண்டு.

செப்டம்பர்ல ஹோம்புஷ் வந்தார். 23 தடவை மட்டை பிடிச்சு 13 ஹிட். சராசரி .565. தொடர்லயே முதலிடம். மேலே போய் .300 கணக்கை இன்னொரு தடவை படிச்சுட்டு வாங்க, இந்த எண் எவ்வளவு பெரிசுன்னு புரியும்.

ஆனா அணி? ஏழு ஆட்டத்துல ரெண்டு வெற்றி, அஞ்சு தோல்வி. எட்டு அணியில ஏழாவது இடம். பதக்கம் இல்லை, அரையிறுதி கூட இல்லை. தங்கத்துக்கான ஆட்டம் செப்டம்பர் 27. கியூபாவை அமெரிக்கா 4-0-னு ஜெயிச்சது. ஆட்டம் முழுக்கத் தனி ஆளா எறிஞ்சு கியூபாவைச் சுருட்டின பையன் பென் ஷீட்ஸ். அவன் எந்த அணியோட பையன் தெரியுமா? மில்வாக்கி ப்ரூவர்ஸ்! நில்சன் எந்த அணியை விட்டு வந்தாரோ அதே அணி. அடுத்த வருஷம் அவன் மேஜர் லீக்ல நுழைஞ்சு ஆல் ஸ்டாரும் ஆயிட்டான். நில்சன் மேஜர் லீக்ல அப்புறம் ஒரு ஆட்டம் கூட ஆடலை. 837 ஆட்டம், சராசரி .284, 105 ஹோம் ரன். அந்தக் கணக்கு 1999-லயே நின்னுபோச்சு. ஆஸ்திரேலியாவுல பிறந்தவங்க யாரும் இன்னும் அந்த 105-ஐத் தொடலை.

இதைப் படிச்சு முடிச்சதும் எனக்குத் தூக்கம் வரலை. காரணம் நில்சன் இல்லைங்க, என் சொந்தக் கதை.

போன வருஷம் எங்க அக்கா கல்யாணம். அதே வாரம் எனக்கு ரெண்டு ஃபைனல் எக்ஸாம். தள்ளி எழுத விண்ணப்பம் போட்டிருக்கலாம். போடலை. டிக்கெட் விலை, மார்க், அடுத்து இன்டர்ன்ஷிப்... எல்லாம் கணக்குப் போட்டேன். "நீ படிப்பைப் பாருப்பா, நாங்க பாத்துக்கறோம்"னு அம்மாவும் சொல்லிட்டாங்க. வாட்ஸ்அப் வீடியோவுல தாலி கட்டுறதைப் பார்த்தேன், அதுவும் கெட்டிமேளம் கொட்டுற நேரத்துல ஸ்ட்ரக் ஆயிருச்சு. பொரி இடுறதுக்குப் பொண்ணோட தம்பி வேணுமே. சித்தப்பா பையன் நின்னான்.

அந்தப் பாடத்துல எனக்கு ஹை டிஸ்டிங்ஷன். மார்க்‌ஷீட்ல பளிச்னு இருக்கு. கல்யாண ஆல்பத்துல நான் இல்லை.

இங்க இருக்கிற நம்ம மாணவர்கள் எல்லாருக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஐஇஎல்டிஎஸ், விசா, டிகிரி, வேலை, பி.ஆர்., கார், வீடு. ஃபோன்ல சொந்தக்காரங்க கேட்கிறதும் அந்த வரிசையிலதான். நில்சனோட பட்டியல்லயும் ஆல் ஸ்டார் இருக்கு, சிறந்த வீரர் விருது இருக்கு. 2000-க்கு நேரா என்ன போடுவீங்க? 'ஏழாவது இடம்'னுதான் போடணும். அந்த ஏழாவது இடத்துக்காகத்தான் அவர் எல்லாத்தையும் விட்டார். இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஹோம்புஷ் கடையில அரிசி வாங்க வந்த ஒருத்தர் ஞாபகம் வச்சிருக்கிறதும் ஆல் ஸ்டாரை இல்லை, அந்த செப்டம்பரைத்தான்.

கதை அதோட முடியலை. 2004 ஏதென்ஸ். அமெரிக்காவுல ரிச்மண்ட்ங்கிற சின்ன லீக் அணியில ஆடி உடம்பைத் தேத்திக்கிட்டு, 34 வயசுல மறுபடி ஆஸ்திரேலியாவுக்கு கேட்சரா வந்தார். அரையிறுதியில ஜப்பானை 1-0-னு சாய்ச்சாங்க. எதிர்ல எறிஞ்சது மட்சுசாகா, ஜப்பானோட நட்சத்திரம். இறுதியில கியூபாகிட்ட 6-2 தோல்வி. வெள்ளிப் பதக்கம். ஒலிம்பிக் பேஸ்பால்ல ஆஸ்திரேலியா வாங்கின ஒரே பதக்கம் அது.

அப்புறம் பயிற்சியாளரா பிரிஸ்பேன் பேண்டிட்ஸ் அணிக்குத் தொடர்ந்து நாலு பட்டம், 2016-லேர்ந்து 2019 வரைக்கும். 2023 உலக பேஸ்பால் கிளாசிக்ல தேசிய அணியை முதல் தடவையா காலிறுதிக்குக் கொண்டுபோனார். அங்க 4-3-னு தோல்வி. யார்கிட்ட? கியூபாகிட்டதான், வேற யாரு!

அவருக்குப் பின்னால ஆட்கள் வந்துகிட்டே இருக்காங்க. சிட்னிக்காரர் கிராண்ட் பால்ஃபர் 2013-ல ஆல் ஸ்டார். பெர்த் லியம் ஹெண்ட்ரிக்ஸ் மூணு தடவை ஆல் ஸ்டார், 2023-ல புற்றுநோயை ஜெயிச்சு மறுபடி மைதானத்துல வந்து நின்னார். 2024-ல சிட்னி பையன் டிராவிஸ் பஸானாவை அமெரிக்க டிராஃப்ட்ல முதல் ஆளா கிளீவ்லாந்து எடுத்தது. எந்த ஆஸ்திரேலியருக்கும் அதுக்கு முன்னால கிடைக்காத இடம்.

நில்சன் பண்ணது சரியா? எனக்குத் தெரியலை. அவர்கிட்ட அதுக்கு முன்னால எட்டு வருஷ மேஜர் லீக் சம்பளம் இருந்தது. நம்மகிட்ட இருக்கிறது கல்விக் கடன். ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியாது, ஒத்துக்கறேன். ஆனா அவர் கணக்குப் போடாம விடலைன்னு மட்டும் தோணுது. என்ன போகும்னு தெரிஞ்சேதான் விட்டிருக்கார். நான் போட்ட கணக்குல அக்கா ஒரு எண்ணாக்கூட இல்லை.

நேத்து சாயங்காலம் ஷோகிரவுண்ட் பக்கம் போனேன். கேட் பூட்டியிருந்தது. கம்பி இடுக்கு வழியா வெறும் புல்தரை தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் நின்னுட்டு, அங்கேர்ந்தே அக்காவுக்கு ஃபோன் பண்ணினேன். தைக்கு வளைகாப்பாம். "உனக்கு அப்போ இன்டர்ன்ஷிப் இருக்குமேடா"ன்னா.

இருக்கு. இன்னிக்குக் காலைல அவங்களுக்கு ஒரு வாரம் லீவு கேட்டு மெயில் போட்டிருக்கேன். பதில் இன்னும் வரலை. டிக்கெட் மட்டும் பார்த்து வச்சிருக்கேன்.

நீங்க யாராவது இப்படி எதையாவது விட்டுட்டுப் போயிருக்கீங்களா? இல்ல, போகாம விட்டிருக்கீங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.

கொசுறு: அந்தப் பெரியவர் மறுபடி கடைக்கு வந்தார். .565 கணக்கைச் சொன்னேன். "அதெல்லாம் எனக்கு ஞாபகமில்ல தம்பி. அவன் சிரிச்சுக்கொண்டு ஆடினதுதான் ஞாபகம்"னார்.