‘இருக்கலாம்’ என்று எழுதாத பாக்கெட்

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளையின் வீட்டில் பிஸ்கெட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பது தானாகவே பழக்கமாகிவிடும். பலரும் தேடுவது ‘கடலை இருக்கலாம்’ என்ற எச்சரிக்கை வரியைத்தான். அது கண்ணில் படாவிட்டால் நிம்மதியாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். வம்பு அங்கேதான்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி, வேர்க்கடலை சேர்மானமாகவே இருந்தால் ‘கன்டெய்ன்ஸ்’ என்று போட்டுப் பெயரைச் சொல்வது கட்டாயம். அதே மெஷினில் முந்தைய ஷிப்டில் கடலைமிட்டாய் ஓடி, துகள் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு என்றால் போடும் ‘மே கன்டெய்ன்’ வரி மட்டும் கம்பெனியின் விருப்பம். அந்த வரி இல்லை என்பதற்காகச் சோதித்துப் பார்த்த பாக்கெட் என்று பொருளில்லை. விதியிலேயே இருக்கும் பெரிய ஓட்டை இது என்பேன். உறையில் உள்ள வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு, ‘இதே லைனில் வேர்க்கடலை ஓடுகிறதா?’ என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மழுப்பினால் அந்தப் பண்டமே வேண்டாம்.

லேபிள் தமிழில் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆங்கிலமோ இந்தியோ போதும். ஆனால் பள்ளி விட்டு வரும் பேரனுக்கு பாக்கெட்டைப் பிரித்துக் கொடுப்பவர் பெரும்பாலும் பாட்டிதான். பீநட், கிரவுண்ட்நட் ஆகிய சொற்களை ஆங்கில எழுத்திலேயே பெரிதாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் உருவம் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். வடநாட்டுத் தின்பண்டம் வாங்கும் வீடானால் மூங்ஃபலி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொட்டுக்கடலையும் கடலைமாவும் கொண்டைக்கடலை வகை, வேறு பயிர். அவை ஒத்துக்கொள்ளுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

பெட்டிக்கடையில் சில்லறையாக விற்கும் குட்டி மிட்டாய்கள் தனிக்கதை. உறையின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாவிட்டால் அதில் சேர்மானப் பட்டியல் அச்சிட வேண்டியதில்லை. மொத்தப் பெட்டியில் இருந்தால் போதும். அந்தப் பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் அதை எடைக்குப் போட்டிருந்தால் வாங்க வேண்டாம்.

எண்ணெயிலும் வித்தியாசம் உண்டு. நன்கு சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் மிகக் குறைவு. செக்கில் ஆட்டியதில் ஒவ்வாமையைக் கிளப்பும் அளவுக்கு இருக்கக்கூடும். ‘மரச்செக்கு’ என்று பெருமையாக எழுதிய மிக்சர் பாக்கெட்டில் எந்த எண்ணெய் என்று பாருங்கள்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் ஓட்டல்கள் ஒவ்வாமைத் தகவலைத் தர வேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. தெருமுனை டிபன் கடைக்கு அது பொருந்தாது. அங்கே “நட்ஸ் இருக்கா?” என்று கேட்டால் முந்திரியை நினைத்து “இல்லை” என்பார்கள். “அண்ணே, சட்னியில வேர்க்கடலை அரைச்சிருக்கீங்களா?” என்றே கேளுங்கள். புளியோதரையில் கடலையைப் பொறுக்கிவிட்டுச் சாப்பிடுவதும் பயன்படாது.

மூச்சு இழுப்பு, தொண்டை இறுக்கம், தலைச்சுற்றல், திடீர் வாந்தி தெரிந்தால் முதல் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, அளவையும் போடும் முறையையும் எழுதி வாங்கி வைத்திருங்கள். 108-ஐ அழையுங்கள், சற்றுத் தேறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை மறுபடி கிளம்புவதுண்டு.

லேபிளில் சொல்லாத கடலையால் பாதிப்பு வந்தால் பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். மீதிப் பண்டத்தோடு மூடிக்கட்டி ஃபிரீசரில் வையுங்கள். பேட்ச் எண், 14 இலக்க உரிம எண், பில், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் படமெடுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமோ ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியிலோ புகார் தரலாம். தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-வது பிரிவு, உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சமும், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரையும், மற்றவற்றுக்கு 1 லட்சம் வரையும் இழப்பீடு தர வழி செய்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வழிகாட்டுதலுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.